விடுவதில்தான் தாமதம்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவை ஆலையில் அவளை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் யாரையும் பிடிக்காது. அந்த வகையில் இரண்டு பக்கமும் ஏமாற்றம் இல்லை. அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நத்தை. அவள் பதிலுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தாள். அவற்றில் பாதி வாய்விட்டுச் சொல்ல முடியாதவை, ஆனாலும் சொல்லிவிடுவாள்.

கை மெதுவு, கால் மெதுவு, வாய் மட்டும் மின்னல். படுக்கை விரிப்பை மடிக்க எதிரும் புதிருமாக இரண்டு பேர் நிற்க வேண்டும். நுனியோடு நுனி சேர்த்து, எதிரில் நிற்பவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைப் பிடிக்க வேண்டும். இவள் கொடுப்பாள், ஆனால் விடமாட்டாள். கண் சிமிட்டும் நேரம்தான் இருக்கும். அதற்குள் எதிரில் நிற்பவள் துணியை இழுத்திருப்பாள், துணி விறைத்து இழுத்தவளே முன்னால் தடுமாறுவாள்.

"விடுன்னா விட மாட்டியா?"

"விட்டுட்டுதான் இருக்கேன். பறந்து போய் நீ எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போற?"

இப்படியே ஜோடிகள் மாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அவளோடு நிற்க யாரும் சம்மதிக்கவில்லை. போதாததற்கு வேலை முடியும் மணி அடிக்கும்போது கதவருகில் முதல் ஆளாக நிற்பவளும் அவள்தான். மற்றவர்கள் பஸ்ஸைப் பார்த்தபிறகு ஓடிப் பிடிப்பார்கள், அவளால் அது ஆகாது. அதனால் கடைசி மூட்டையைக் கட்டிய கையோடு மெல்ல நகர்ந்து வாசலுக்கு வந்துவிடுவாள். "வேலைன்னா கடைசி, வீடுன்னா முதல்" என்று அவள் காதுபடவே பேசினார்கள். காரணத்தை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ஏன் ஓட வரவில்லை என்று அவளுக்கே தெரியாதபோது எதைச் சொல்வது?

உருளை இஸ்திரி மெஷினின் வாயில் ஈரத் துணியை ஊட்டும் வேலைக்கு அவளை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை. அன்று ஊட்டுகிறவள் லீவு. சூப்பர்வைசர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவளைக் காட்டி, "நீ போ" என்றார். விரிப்பின் ஓரத்தை உருளை கவ்வியதும் விரலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் சில விரிப்புகள் ஒழுங்காகப் போயின. பிறகு ஒரு விரிப்பின் ஓரம் சுருண்டது, அதை இறுக்கிப் பிடித்து நீவிவிட்டாள். உருளை துணியைக் கவ்வியது. விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. விரல்களுக்கு அது கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

உருளைக்கு முன்னால் இருந்த தடுப்புக் கம்பியில் விரல் இடித்து மெஷின் நின்றுவிட்டது. அதனால் கை தப்பியது. ஆனால் இரண்டு விரல்களின் தோல் சூட்டில் உரிந்து வந்துவிட்டது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். முதலில் மெஷினைத்தான் பார்த்தார். "தூங்கிட்டியா?"

"ஆமா. நீங்க தாலாட்டுப் பாடினீங்களே, கண் அசந்துட்டேன்."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் சொல்லாமல் விடவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தெரியாததால், அவள் எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

*

இந்த வாய் அவளுக்குப் பிறவியில் வந்ததில்லை. அவளாக வளர்த்துக்கொண்டது.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் என்றால் அவள் ஓடுவதைப் பார்க்கவென்றே ஒரு கூட்டம் சேரும். முழங்கால் மடங்காமல், மரக்கட்டையை நகர்த்துவதுபோல ஓடுவாள். கல் தடுக்கினால் மற்ற பிள்ளைகள் இரண்டு எட்டு தத்தி நின்றுவிடுவார்கள். அவள் நின்ற நிலையிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுவாள். முன்பல் இரண்டு அப்படிப் போனவைதான். வீட்டுக்கு வந்தால் அண்ணன் காத்திருப்பான்.

"சோம்பேறி. வேணும்னே பண்ற. அப்பா மாதிரியே வந்து வாய்ச்சிருக்க."

அப்பா மாதிரி என்பது அந்த வீட்டில் வசவு. அப்பா மரக்கிடங்கில் சுமை இறக்குபவராக இருந்தார். பலசாலி, ஆனால் ஆமை வேகம். ஒருநாள் லாரியில் கட்டியிருந்த கயிறு அறுந்து மரங்கள் உருண்டபோது மற்றவர்கள் எல்லாரும் தாவி ஒதுங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் ஒதுங்கவில்லை. குடித்திருந்தார், அதனால்தான் கால் வரவில்லை என்று கிடங்கில் சொன்னார்கள். அன்று சாப்பாடு கொண்டுபோய் அங்கே நின்றிருந்தவன் அண்ணன். யாராவது கேட்டால் ஆமாம் என்றும் சொல்லமாட்டான், இல்லை என்றும் சொல்லமாட்டான். தலையைக் குனிந்துகொள்வான். அதையே எல்லாரும் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அம்மா மிச்ச காலம் முழுவதும் குடிகாரன் பெண்டாட்டி என்ற பட்டத்தோடு இருந்து, அந்தப் பட்டத்தோடேயே போய்ச்சேர்ந்தாள்.

அவளுடைய கல்யாணம் மூன்று வருஷம் தாங்கியது. மாடிப்படி ஏறத் தாமதமானால் மாமியார், "மேல என்ன மலையா இருக்கு?" என்பாள். புருஷன் அதற்குச் சிரிப்பான். ஒருநாள் அவன் சிரித்து முடிப்பதற்குள் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். அவள் வாழ்க்கையில் வேகமாக முடிந்த காரியம் அது ஒன்றுதான் என்று பிற்பாடு அவளே சொல்வதுண்டு.

அண்ணன் வீட்டில் இடம் இல்லை என்று அண்ணன் வாசலிலேயே சொல்லிவிட்டான். அவன் அப்போது பெயிண்ட் கடை வைத்துப் பெரிய ஆளாகியிருந்தான். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, "அதை எடு, இதை இறக்கு" என்று ஆட்களை விரட்டுகிற முதலாளி. அவள் சைக்கிள் ரிப்பேர் கடைக்குப் பின்னால் படியே இல்லாத ஒற்றை அறையைப் பிடித்துக்கொண்டு சலவை ஆலையில் சேர்ந்தாள்.

*

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட இளம் டாக்டர், விரல் அசைகிறதா என்று பார்க்க, மூடித் திறக்கச் சொன்னார். பிறகு, "இன்னொரு கையையும் மூடித் திறங்க" என்றார்.

"இந்தக் கையில ஒண்ணும் இல்லையே."

"அதான் பார்க்கறேன்."

பலமுறை மூடித் திறக்க வைத்தார். அப்புறம் ஒரு சீட்டை எழுதி, தசை நோய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார். சலவை ஆலையில் மருத்துவ விடுப்பு நீடிக்க அந்தச் சீட்டு உதவும் என்பதால்தான் அவள் போனாள்.

டாக்டரம்மா நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். சிரிப்பில்லாத முகம். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவர் முதலில் கேட்ட கேள்வி: "எப்பவாவது ஓடியிருக்கீங்களா?"

"எதுக்கு ஓடணும்?"

"ஓடணும்னு சொல்லல. உங்களால ஓட முடியுமான்னு கேக்கறேன்."

ஏன் ஓடவில்லை, ஏன் வேகமாக வரவில்லை, ஏன் விடவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. முடியுமா என்று அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு, "முடியாது" என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு கோபம் எதற்கு என்று அவளுக்கே விளங்கவில்லை.

கையில் ஒரு பிடியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். தலைக்கு மேலே ஒரு காந்த வளையத்தை வைத்து டக்கென்று ஒரு தட்டு தட்டினார்கள். மூளையிலிருந்து கைக்குப் போகும் உத்தரவை அந்தத் தட்டு ஒரு கணம் நிறுத்திவிடுமாம். அப்போது தசை தானாக எவ்வளவு வேகத்தில் தளர்கிறது என்று பார்க்கலாமாம். திரையில் கோடு எல்லாருக்கும் ஏறுவதுபோலத்தான் ஏறியது. ஆனால் மற்றவர்களுக்குச் சுவரிலிருந்து குதித்ததுபோல இறங்குகிற இடத்தில், அவளுக்குச் சரிவில் உட்கார்ந்து வழுக்கியதுபோல இறங்கியது. இன்னொரு நாள் தொடையிலிருந்து அரிசி அளவு சதை எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். பிறகு பல வாரம் ஒரு செய்தியும் இல்லை. அதற்குள் சலவை ஆலை இரண்டு முறை ஆள் அனுப்பி, வருகிறாயா அல்லது வேறு ஆளை எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டது.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா தன் இரண்டு கை விரல்களையும் கோத்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"தசை நார்க்குள்ள ரெண்டு வகை இழை இருக்கு. தடிச்ச இழையில சின்னச் சின்னக் கைகள் மாதிரி இருக்கும். அது மெல்லிசு இழையைப் பிடிச்சு இழுக்கும். தசை சுருங்கறதுன்னா அதுதான். 'பிடி'ன்னு சொல்றது கால்சியம். கால்சியம் விலகினதும் விட்டுடணும். எல்லார் உடம்புலயும் வேகமான நாரும் மெதுவான நாரும் கலந்துதான் இருக்கும். இந்தப் புரதங்கள்லயே ஆளுக்கு ஆள், நாருக்கு நார், வேற வேற வடிவம் உண்டு. அது இயல்பு. உங்களோடது அது இல்ல."

"என்னோடது என்ன?"

"ஒரு புரதத்துல ஒரே ஒரு இடம் மாறி இருக்கு. பல நூறு மணி கோத்த மாலையில ஒரு மணி மட்டும் வேற நிறம்னு வெச்சுக்கங்க. அந்தப் புரதம் மெல்லிசு இழையில ஒட்டிக்கிட்டு அதை விறைப்பாக்கிடுது. பிடிக்கறதுல பெரிசா குறையில்ல. விடறதுலதான் தாமதம். ஓடணும்னா ஒரு தசை இறுகும்போது எதிர்த்தசை உடனே தளரணும். உங்களுக்கு அது தளர்றதுக்குள்ள அடுத்த அடி வந்துடுது. தடுக்கினாலும் அதே கதைதான். காலை மாத்தி வைக்க நேரம் கிடைக்காது, அப்படியே சாயறீங்க."

"மருந்து?"

"இப்போதைக்கு இல்ல."

"அப்புறம் எதுக்கு என் தொடையைக் கிள்ளினீங்க?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. "இது உங்க குணம் இல்ல, உங்க உடம்புன்னு எழுதிக் குடுக்கறதுக்கு."

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முன்பல் போனது, மாமியாரின் மலை, சூப்பர்வைசரின் தூக்கம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இத்தனை பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்து இந்த டாக்டரம்மாவை இன்னொரு முறை பேசச் சொல்ல வழியிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"இது பரம்பரையா வர்றது. அப்பா, அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருந்திருக்கும். கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன். அவனுக்கு இருக்காது. அவன் பெரிய சுறுசுறுப்பு."

"பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒருதடவை பார்த்துக்கறது நல்லது. அவருக்குப் பிள்ளைங்க இருந்தா இன்னும் நல்லது."

*

அண்ணனுக்கு நல்லது செய்ய அவள் கடைக்குப் போகவில்லை. சோம்பேறி என்ற சொல்லை அவன் வாயாலேயே திரும்ப வாங்க வைக்கத்தான் போனாள். கடையில் பெயிண்ட் நெடி. அண்ணன் ஸ்டூலில் இருந்தான். பக்கத்தில் அண்ணி டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை அவள் நின்றபடியே சொன்னாள். வாடிக்கையாளர் ஒருவர் நின்றதையும் பொருட்படுத்தவில்லை.

அண்ணன் அவரை அனுப்பிவிட்டுச் சொன்னான். "வேலை செய்ய உடம்பு வணங்காததுக்கு இப்ப விஞ்ஞானம் துணைக்கு வந்துடுச்சா?"

"பரம்பரைன்னு சொன்னாங்க. அப்பாகிட்ட இருந்து வந்திருக்கு. நீயும் போய்ப் பார்த்துக்கணுமாம். உன் பொண்ணும்."

"அந்த வார்த்தையை இந்தக் கடையில எடுக்காத." அவன் குரல் இறங்கியது. "என் பொண்ணு தீயணைப்புத் துறைக்குத் தயாராகிட்டு இருக்கா. உடல் தகுதித் தேர்வு வருது. உன் தரித்திரத்தை அவ மேல ஒட்டாத. வெளிய போ."

"போகலன்னா?"

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் அழுத்தி, உடம்பை முன்னால் தள்ளி, கால் தரையைத் தொட்டதும் உடனே எட்டு வைக்காமல், ஏதோ யோசிப்பவன்போல ஒரு மூச்சு நேரம் நின்று, அப்புறம் நடந்தான்.

அவளுக்கு மயிர்க்கால் குத்திட்டது. அந்த மூச்சு நேரத்தை அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு காலையும் கட்டில் விளிம்பில் அவளும் அப்படித்தான் நிற்பாள். தொடை தளரும் வரைக்கும். உயரமான ஸ்டூல் ஏன், தாழ்ந்த நாற்காலியில் அவன் ஏன் உட்கார்ந்ததே இல்லை, எந்த விசேஷத்திலும் தூணில் சாய்ந்து கம்பீரமாக நிற்பது ஏன், "பஸ் எனக்காக நிக்கட்டும்" என்று அலட்டியது ஏன், எட்டி எடுக்கக்கூடிய பொருளுக்கும் ஆளைக் கூப்பிடுவது ஏன் என்றெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தது. முதலாளித்தனம் என்று ஊரே நினைத்தது அத்தனையும் மூடுதிரை.

அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாள். அவள் அப்படிப்பட்டவள்தான், அதை மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை.

*

அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது அண்ணி. சில நாள் கழித்து போன் செய்தாள். வார்த்தையை விழுங்கி விழுங்கிப் பேசினாள்.

"தினமும் காலையில அவளை மைதானத்துக்கு இழுத்துட்டுப் போறார். முழங்கால்ல தோலே இல்ல. ஓடுன்னா ஓட வரல, கட்டை மாதிரி விழறா. நீ அன்னிக்குச் சொன்னியே, அதுவா இருக்குமா? நான் சொன்னேன்னு சொல்லிடாத."

"இத்தனை வருஷம் கூட இருந்த உங்களுக்குத் தெரியாதா அண்ணி?"

"வந்து பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை மைதானத்துக்குப் போனாள். ஓடுதளத்தைச் சுற்றிச் சிமெண்ட் படிக்கட்டு. அண்ணன் கீழ்ப்படியின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்றிருந்தான். அண்ணன் மகள் மணல் குழியை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தாள். இருபதைத் தாண்டிய வாட்டசாட்டமான பெண். தோளைப் பார்த்தால் கதவையே கழற்றுவாள் போலிருந்தது. ஆனால் கால் மட்டும் மடங்காமல் வந்தது. நீளம் தாண்டக் கால் ஊன்ற வேண்டிய பலகைக்கு முன்பே கால் பின்னி, கையைக்கூட ஊன்றாமல் விழுந்தாள்.

"எழுந்திரு. நடிக்காத" என்றான் அண்ணன். "உன் அத்தை மாதிரி ஆகணுமா? அழுக்குத் துணி மடிச்சுட்டு, நாலு பேர் சிரிக்க?"

"அத்தை வந்துட்டா" என்றாள் அவள் பின்னாலிருந்து. "இப்ப சொல்லு."

அண்ணன் திரும்பினான். அவள் சுற்றிவந்து அவனுக்குக் கீழே தரையில் நின்றாள். பெண் முழங்கால் மணலைத் தட்டியபடி அங்கேயே நின்றாள்.

"உன்னை யாரு கூப்பிட்டது?"

"யாரும் கூப்பிடல. அவளை ஓடச் சொல்றியே, நீ ஓடிக் காட்டு. பத்தடி போதும். இல்ல, இந்த ஒரு படியிலேருந்து கம்பியைப் பிடிக்காம குதி. நான் என் பேச்சை வாபஸ் வாங்கிட்டுப் போயிடறேன்."

"வாயை மூடு."

"குதி. ஊர்லயே சுறுசுறுப்பான ஆளாச்சே நீ. ஒரு படிதான். குழந்தை குதிக்கும்."

நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் முகம் செங்கல் நிறமாகியது. அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு கம்பியை விட்டுவிட்டு ஒரே எட்டாகக் கீழே பாய்ந்தான்.

பாய்ந்தான் என்று சொல்வது அவன் நினைத்ததை. ஒரு கால் தரைக்கு வந்தது, இன்னொன்று படியிலேயே இருந்தது. ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்க, வெட்டிய மரம்போல நீட்டி நிமிர்ந்து விழுந்தான். கையை ஊன்றவில்லை. தாடை தரையில் மோதிய சத்தம் மட்டும் கேட்டது.

அவன் புரண்டு, முட்டி போட்டு, இரண்டு கையாலும் தன் தொடைகளையே ஏணிபோலப் பிடித்துப் பிடித்து ஏறி நிமிர முயன்றான். பாதியில் மறுபடி உட்கார்ந்துவிட்டான். மகளின் உதடு அசைந்தது. தான் எழுந்திருப்பதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டாள். அப்பாவை அவள் அப்படிக் கேள்வி கேட்டு அவள் அத்தை பார்த்ததில்லை.

அவன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

அவன் தங்கை குனியவில்லை. கையும் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, பல வருஷமாக மனசில் கிடந்ததைக் கேட்டாள். "அப்பா அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?"

அவன் தாடையைத் துடைத்துக்கொண்டான். "ஒரு சொட்டு கூட இல்ல."

"அம்மா கடைசி வரைக்கும் தலையைக் குனிஞ்சுட்டே இருந்தாளே. உன் வாய் எங்க போச்சு?"

"எனக்கு அப்பவே கால் வர மாட்டேங்குதுன்னு தெரியும்." அவன் அவளைப் பார்க்காமலே பேசினான். "குடின்னு சொன்னா அவரோட போயிடும். உடம்புன்னு சொன்னா என் மேல வந்து விழும். எனக்கு யார் வேலை குடுப்பா, யார் பொண்ணு குடுப்பா?"

"அதான் என்னை சோம்பேறின்னியா? உன்னைப் பார்க்கறவங்க எல்லாரும் என்னைப் பார்க்கட்டும்னு?"

மகள் வந்து, தானும் தள்ளாடிக்கொண்டு, அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கினாள். இரண்டு பேரும் எழுந்து நிற்கும்வரை அவள் நின்று பார்த்துவிட்டு, திரும்பி நடந்தாள். மனசு ஆறும் என்று நினைத்துத்தான் வந்தாள். ஆறவில்லை. அவன் விழுந்த சத்தம் வழியெல்லாம் கூடவே வந்தது. அது அவளுக்கு இனிக்கவில்லை என்பதே புது எரிச்சலாக இருந்தது.

*

அண்ணன் மகள் யாரிடமும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் போனாள். அவளுக்கும் அதே புரதம், அதே இடம், அதே மாற்றம். அன்றோடு மைதானத்துக்குப் போவதை நிறுத்தினாள். தேர்வுக்குப் போகமாட்டேன் என்று அப்பாவிடம் நேராகச் சொன்னாள். வீட்டில் தட்டு பறந்ததாக அண்ணி போனில் சொன்னாள். அடுத்த வாரம் அந்தப் பெண் ஒரு பையோடு அத்தையின் ஒற்றை அறை வாசலில் வந்து நின்றாள்.

"இங்க ஒருத்தி படுக்கத்தான் இடம்" என்றாள் அத்தை.

"நான் ஓரமா படுத்துக்கறேன்."

"ஓரத்துல என் டிரங்குப் பெட்டி இருக்கு."

"அத்தை, உள்ள விடுவீங்களா, இல்ல இப்படியே வாசல்ல நின்னு பேசிட்டு இருக்கணுமா?"

வாய் தன்னிடமிருந்து வந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு சின்ன திருப்தி. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் பெட்டியை நகர்த்தினார்கள். அதன்பிறகு குளியலறைக்கு, விளக்கை அணைக்க, ஜன்னலைத் திறக்க என்று தினமும் ஒரு சண்டை. அந்தப் பெண்ணுக்கு ஒரு வாடகைக் கார் நிறுவனத்தில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் கேவலம் என்று அத்தை முதல் நாளே சொன்னாள்.

சலவை ஆலையில் சான்றிதழைக் காட்டியபோது மேனேஜர் இரண்டு முறை படித்துவிட்டு, இப்படிப்பட்டவளை வைத்துக்கொள்ள முடியாது என்றார். உருளைக்கு அனுப்பியது உங்கள் சூப்பர்வைசர், விரலைப் பார்க்கிறீர்களா, தொழிலாளர் அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று அவள் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் கிழிசல் பார்த்துப் பிரிக்கும் மேஜைக்கு மாற்றினார்கள். சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்கவில்லை. பழைய ஜோடிக்காரி ஒருத்தி மட்டும் ஒருநாள் பக்கத்தில் வந்து, "உடம்புல குறைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"சொல்லியிருந்தா நத்தைன்னு கூப்பிடாம நொண்டின்னு கூப்பிட்டிருப்பீங்க. அதுக்கு இது தேவலை."

வந்தவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

அப்பாவின் பெயரைத் துடைக்க வேண்டும் என்று ஒரு விடுமுறை நாளில் மரக்கிடங்குக்கும் போனாள். அங்கே இப்போது கார் நிறுத்துமிடம். அந்தக் காலத்தில் அப்பாவோடு சுமை இறக்கியவர் ஒருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா குடித்திருக்கவில்லை, அது தசையில் இருந்த கோளாறு என்று அவள் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டே ஒரு காரைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார். "அப்படியா?" என்றார். "நாங்க எல்லாம் குடின்னுதான் நினைச்சோம்." அவ்வளவுதான். ஒரு மனுஷனின் மானத்துக்கு அவ்வளவுதான் நேரம் கிடைத்தது. அவள் அவருக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

சில மாதம் கழித்து அண்ணி ஒரு மூட்டையில் மகளின் துணிமணிகளைக் கொண்டுவந்தாள். உள்ளே தாயும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் கடைக்கு முன்னால் அண்ணனின் கார் நின்றது. அவன் இறங்கவில்லை. அவள் குப்பையைக் கொட்ட வெளியே வந்தபோது கண்ணாடி இறங்கியது. தாடையில் தழும்பு தெரிந்தது. அவன் தெருவைப் பார்த்தபடியே கேட்டான்.

"அந்தத் தொடையில எடுக்கறாங்களே. வலிக்குமா?"

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். எறும்பு கடித்த அளவுக்கு மேல் இருந்ததில்லை.

"உயிர் போகும்" என்றாள் அவள்.

கண்ணாடி ஏறியது. குப்பை வாளியைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு அவள் உள்ளே போனாள். அவன் பிறகு டாக்டரம்மாவிடம் போனானா இல்லையா என்று அவள் இன்றுவரை விசாரிக்கவில்லை.